ரப்பர் கையுறையும் பொது வீடும்

(பொதுவெளி குறித்த வாசிப்பு வட்டத் தொடரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரில் கிணறு பேசியாகிவிட்டது, தெரு பேசியாகிவிட்டது, சுடுகாடும் தேநீர்க்கடையும் பேசியாகிவிட்டன. இன்றைக்கு நான் உங்களை லண்டனில் உள்ள ஒரு மதுக்கடைக்கு அழைத்துப்போகிறேன். ஒரு மதுக்கடையைப் போய் நினைவுச்சின்னமாகப் பாதுகாப்பார்களா என்று சிலருக்குத் தோன்றும். குடி நம் வீடுகளில் செய்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த எரிச்சல் நியாயமானதுதான். அதை ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள் என்று சொல்லமாட்டேன், கையிலேயே வைத்துக்கொண்டு கேளுங்கள்.

‘பப்’ என்பது ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கம். நேராகத் தமிழில் சொன்னால் பொது வீடு. ‘பொது’ என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு ஒரு சந்தேகம் வரும், ‘யாருக்குப் பொது?’ என்று. பொதுக்கிணறு, பொதுப்பாதை, பொதுமயானம் என்று அரசுப் பதிவேட்டில் எழுதியிருக்கும். ஊரில் போய்ப் பார்த்தால் வேறாக இருக்கும். அதே சந்தேகத்தோடு அந்தப் பொது வீட்டுக்குள்ளும் நுழைவோம்.

கடையின் பெயர் ராயல் வாக்ஸ்ஹால் டேவர்ன். தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், வாக்ஸ்ஹால் ரயில் பாலத்தை ஒட்டி இருக்கிறது. அந்த இடத்தில் முன்பு வாக்ஸ்ஹால் கேளிக்கைத் தோட்டம் என்று ஒன்று இருந்தது. இசை, வாணவேடிக்கை, முகமூடி ஆட்டம் என்று இரண்டு நூற்றாண்டுக் காலம் லண்டன்வாசிகள் காசு கொடுத்து மகிழ்ந்த இடம். 1859இல் அதை மூடினார்கள். நிலத்தைக் கூறு போட்டு வீடுகள் கட்டினார்கள். அப்போது, 1860க்கும் 1862க்கும் இடையில், எழுந்ததுதான் வளைந்த முகப்புள்ள இந்த மூலைக்கட்டடம்.

அந்த ஆண்டுகளைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். 1860 அக்டோபரில்தான் இந்திய தண்டனைச் சட்டம் நிறைவேறியது. 1862 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதில் 377ஆம் பிரிவு இருந்தது. இங்கிலாந்திலேயே 1861 வரை ஆணும் ஆணும் கூடுவதற்குத் தூக்குத்தண்டனை என்று சட்டப்புத்தகத்தில் இருந்தது; அந்த ஆண்டுதான் அதைச் சிறைத்தண்டனையாக மாற்றினார்கள். நமக்கு ஏற்றுமதி செய்த சட்டமும் இந்தக் கட்டடத்தின் செங்கல்லும் ஒரே காலத்துச் சரக்கு. கட்டியவர்களுக்கு இந்தப் பொருத்தம் எதுவும் தெரிந்திருக்காது. எந்தச் சட்டம் எங்கே யாரைத் துரத்தியது என்று தேடுவதே என் ஆய்வுவேலை என்பதால் எனக்கு இது கண்ணில் படுகிறது.

நூறாண்டு தாண்டி வருவோம். இரண்டாம் உலகப்போரின்போது படைமுகாம்களில் சிப்பாய்களை மகிழ்விக்க ஆண்கள் பெண்வேடமிட்டு ஆடிப்பாடும் நிகழ்ச்சிகள் நடந்தன. போர் முடிந்ததும் அந்தக் கலை லண்டனின் உழைக்கும் மக்கள் குடிக்கும் கடைகளுக்குள் வந்தது. டிராக் என்று இன்று நாம் சொல்வது அதுதான். நம் ஊரில் பெண்வேடம் என்றதும் தெருக்கூத்து நினைவுக்கு வரும். இது வேறு. இங்கே வேடம் கட்டியவரின் வாய்தான் முக்கியம். பார்வையாளரைக் கலாய்ப்பார், அரசியல்வாதியைக் கலாய்ப்பார், தன்னையே கலாய்த்துக்கொள்வார். டேவர்னில் அப்போது தனி மேடை கிடையாது. மது ஊற்றித் தரும் நீண்ட வளைந்த பலகை மீதே ஏறி நடந்துகொண்டு பாடுவார்கள். வாடிக்கையாளர்கள் தங்கள் கோப்பையைக் காப்பாற்றிக்கொள்ள அவசர அவசரமாகத் தூக்கிக்கொள்வார்கள்.

இந்தக் கூட்டத்தில் தன்பால் ஈர்ப்புள்ள ஆண்கள் மெல்ல மெல்ல சேர்ந்தார்கள். ஏன் மதுக்கடை? சட்டத்தைப் பார்த்தால் புரியும். 1967இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமற்றதாக்கினார்கள். எப்படி? இருவருக்கும் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், தனிமையில் நடக்க வேண்டும். தனிமை என்றால் மூன்றாவது ஆள் உடன் இருக்கவே கூடாது. அதாவது சட்டம் கொடுத்தது ஒரு பூட்டிய அறை. பூட்டிய அறைக்குள் காதலிக்கலாம். ஆனால் காதலிக்க ஓர் ஆளை எங்கே சந்திப்பது, யாரோடு சிரிப்பது, வேலை போனால் யாரிடம் சொல்வது? சொந்தமாக அறையே இல்லாத உழைக்கும் வர்க்கத்துப் பையன் என்ன செய்வான்? நம் உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பரில் 377ஐத் தளர்த்தியபோதும் அந்தரங்க உரிமை என்ற வாதம் பெரிதாகப் பேசப்பட்டது. அந்தரங்கம் தேவைதான். ஆனால் அந்தரங்கம் என்பது வீடு உள்ளவர்களின் உரிமை. வீடே எதிரியாக நிற்கிறவர்களுக்குப் பொது வீடு வேண்டும்.

இப்போது லில்லி சாவேஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால் ஓ'கிரேடி என்ற கலைஞர் போட்ட வேடத்தின் பெயர் அது. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் பிர்கன்ஹெட்டில், ஐரிஷ் கத்தோலிக்க உழைப்பாளிக் குடும்பத்தில் 1955இல் பிறந்தவர். லண்டனுக்கு வந்து கேம்டன் நகரசபையில் பராமரிப்புப் பணியாளராக வேலை பார்த்தார். தாய் நோயில் விழுந்த வீடுகளில் தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. லில்லி சாவேஜ் அந்த வீடுகளிலிருந்து எழுந்து வந்தவள் மாதிரி இருப்பாள்: வெளுத்த பொய்முடி, சிகரெட், எவனுக்கும் அஞ்சாத நாக்கு. 1980களில் எட்டு ஆண்டுகள் டேவர்னில் அவர் தொடர்ந்து நிகழ்ச்சி நடத்தினார். பின்னாளில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் செல்லப்பிள்ளையானார். அதற்கு முன்னால் இந்தக் கடையின் புகைமூட்டத்துக்குள் எழுந்த சிரிப்புதான் அவருக்கு உலகம்.

1987 ஜனவரியில் ஓரிரவு, லில்லி சாவேஜ் மேடையில் இருக்கும்போது காவல்துறை உள்ளே புகுந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட காவலர்கள். எல்லோர் கையிலும் ரப்பர் கையுறை.

எய்ட்ஸ் காலம் அது. அந்தக் கடைக்கு வருகிறவர்கள் வாரம் ஒரு நண்பனைப் புதைத்துக்கொண்டிருந்த காலம். கையுறையோடு வரிசையாக வந்த காவலர்களைப் பார்த்து, பாத்திரம் கழுவ ஆள் வந்துவிட்டார்கள் போலிருக்கிறதே என்று லில்லி மேடையிலிருந்து சொன்னாராம். அவரே பிற்காலத்தில் பலமுறை சொன்ன கதை இது. கடை சிரித்தது. சிலரைக் கைது செய்து கொண்டுபோனார்கள், வேடத்தோடு அவரையும் சேர்த்து.

இந்தக் கையுறையிடம் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். இந்த அறையில் உள்ளவர்களுக்கு அது என்னவென்று விளக்கத் தேவையில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். ஆனால் அது பயமா? அதே 1987 ஜனவரியில்தான் பிரிட்டிஷ் அரசு எய்ட்ஸ் பற்றிய துண்டறிக்கை ஒன்றை நாடு முழுக்க வீடு வீடாகப் போட்டது. கைகுலுக்குவதால், சாதாரணமாகப் பழகுவதால் இந்த நோய் பரவாது என்று அதில் தெளிவாக இருந்தது. காவலர்களின் வீட்டுக் கதவிடுக்கிலும் அந்தத் தாள் விழுந்திருக்கும். எனவே அறியாமை என்று சொல்லி அந்தக் கையுறையை மன்னித்துவிட முடியாது. கையுறை ஒரு செய்தி. உன்னைத் தொடமாட்டேன், ஆனால் உன்னைப் பிடித்து இழுத்துப்போவேன் என்ற செய்தி. தீண்டாமை எங்குமே தொடாமல் இருப்பதில்லை. அடிக்கும்போது தொடும், வல்லுறவில் தொடும், உழைப்பைப் பிடுங்கும்போது தொடும். தொடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி.

இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற கட்டுரைகள் ஆங்கிலத்தில் நிறைய வருகின்றன, படிக்கப் படிக்க எனக்கு அலுப்புதான். சாதி பிறப்போடு வருகிறது, பெற்றோரிடமிருந்து வருகிறது, ஊரின் வரைபடத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. சேரியில் பிறந்த பிள்ளைக்கு அவமானம் வெளியிலிருந்து வரும்போது வீட்டுக்குள் அம்மா இருக்கிறாள். பால்புதுமையரான பிள்ளைக்குப் பல நேரம் முதல் அடி வீட்டுக்குள்ளிருந்துதான் விழுகிறது. இந்த இரண்டும் ஒரே உடலில் இருக்கிற தோழர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இந்த ஒப்பீட்டு வகுப்பே தேவையில்லை.

கையுறைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அந்தச் சோதனை நடந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், ஏப்ரல் 9 அன்று, அதே லண்டனில் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் எய்ட்ஸ் பிரிவைத் திறந்துவைத்த இளவரசி டயானா, கையுறை போடாமல் ஒரு நோயாளியோடு கைகுலுக்கினார். அந்தப் படம் உலகம் சுற்றியது. டயானாவை ஆண்வேடமிட்டு இந்த டேவர்னுக்கு நண்பர்கள் கூட்டிவந்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. நடிகை கிளியோ ரோகோஸ் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். மெய்யோ பொய்யோ, கடைக்கு நல்ல விளம்பரம். எனக்கு என்னவோ இளவரசியின் கையைவிட, பாத்திரம் கழுவச் சொன்ன வாயின் மீதுதான் மரியாதை அதிகம். இளவரசிக்கு அன்று மாலை திரும்பிப்போக அரண்மனை இருந்தது.

மறு ஆண்டே, 1988இல், ‘பிரிவு 28’ வந்தது. உள்ளாட்சி அமைப்புகள் ஒருபால் ஈர்ப்பை ‘ஊக்குவிக்க’க் கூடாது என்ற சட்டம். பள்ளி ஆசிரியர்கள் வாயடைத்துப் போனார்கள், நூலகங்கள் புத்தகங்களை ஒளித்தன. இங்கிலாந்தில் அது ஒழிய 2003 ஆனது. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் ஓர் இளைஞன் தன்னைப் போன்ற இன்னொருவரைப் பார்க்க, வரலாறு கேட்க, ஆணுறை பற்றித் தெரிந்துகொள்ள, பள்ளிக்கூடம் உதவவில்லை. மதுக்கடை உதவியது. எய்ட்ஸ் நிவாரணத்துக்கு உண்டியல் குலுங்கியதும் இப்படிப்பட்ட கடைகளில்தான். 1995இல் ‘டக்கி’ என்ற குழு டேவர்னில் சனிக்கிழமை இரவுகளைத் தொடங்கி, கால் நூற்றாண்டுக் காலம் நடத்தியது. பாதி நாடகம், பாதி நடனம், பாதி கூத்தடிப்பு. கணக்கு இடிக்கிறதா? அந்த இரவுகள் அப்படித்தான் இருந்தன என்கிறார்கள்.

சரி, கட்டடத்துக்கு என்ன ஆபத்து வந்தது? நிலம். எழுபதுகளிலேயே சுற்றியிருந்த வீட்டு வரிசைகள் இடிக்கப்பட்டு, டேவர்ன் மட்டும் தனியாக நின்றது. 1994இல் பக்கத்திலேயே பிரிட்டிஷ் உளவுத்துறையான எம்.ஐ.6இன் தலைமையகம் வந்தது. பிறகு நைன் எல்ம்ஸ் பகுதி முழுக்கக் கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தன. 2018இல் அமெரிக்கத் தூதரகமே அங்கே குடிவந்தது. இப்படிப்பட்ட இடத்தில் மூன்று மாடி மதுக்கடை என்பது முதலாளியின் கண்ணுக்குக் காலிமனை. 2014இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஒரு நிலவணிக நிறுவனம் அதை வாங்கியது.

வாடிக்கையாளர்களும் கலைஞர்களும் அமைப்பாகத் திரண்டார்கள். அவர்களுடைய உத்திதான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. பென் வால்டர்ஸ் என்ற எழுத்தாளர் உட்கார்ந்து ஒரு நீண்ட விண்ணப்பம் தயாரித்தார். இந்தக் கட்டடத்தின் முக்கியத்துவம் அதன் தூண்களில் மட்டும் இல்லை, இங்கே கூடியவர்களின் வரலாற்றில் இருக்கிறது என்பது வாதம். அரண்மனை, தேவாலயம், பிரபு வீடு என்று பழகிய பாரம்பரியத்துறையிடம், பெண்வேடக்காரர் நடந்த மதுப்பலகையைச் சான்றாக வைப்பது சாதாரண வேலை இல்லை. நடிகர் இயன் மெக்கெல்லன், பால் ஓ'கிரேடி போன்றோர் ஆதரவு கொடுத்தார்கள். 2015 செப்டம்பரில் இரண்டாம் தரப் பாதுகாப்புப் பட்டியலில் கட்டடம் சேர்க்கப்பட்டது. பால்புதுமையர் வரலாற்றுக்காகவே பிரிட்டனில் அப்படிப் பட்டியலிடப்பட்ட முதல் கட்டடம் இது. நியூயார்க்கில் ஸ்டோன்வால் விடுதியை தேசிய நினைவிடமாக ஒபாமா அறிவித்தது 2016இல். இது அதற்கும் முந்தையது.

ஆனால் பட்டியல் எதைக் காக்கிறது? சுவரை. அனுமதி இல்லாமல் இடிக்கக் கூடாது, உருமாற்றக் கூடாது, அவ்வளவுதான். உள்ளே டிராக் நடக்க வேண்டும் என்று பட்டியல் சொல்லாது. நாளை அதே வளைந்த முகப்புக்குப் பின்னால் பணக்காரர்களுக்கான காபிக் கடை வந்தாலும் பட்டியல் வாய் திறக்காது. ‘சமூக மதிப்புள்ள சொத்து’ என்று இன்னொரு ஏற்பாடு உண்டு. உரிமையாளர் விற்க நினைத்தால் பகுதி மக்கள் பணம் திரட்ட ஆறுமாதம் அவகாசம் கிடைக்கும். லண்டன் நிலவிலைக்கு ஆறு மாதத்தில் உண்டியல் குலுக்குவதை யோசித்துப் பாருங்கள். கேம்டனில் ‘பிளாக் கேப்’ என்ற புகழ்பெற்ற டிராக் கடைக்கு அந்தத் தகுதி இருந்தது. இருந்தும் 2015 ஏப்ரலில் மூடினார்கள். 2006க்கும் 2017க்கும் இடையில் லண்டனின் பால்புதுமையர் கூடங்களில் 58 விழுக்காடு மறைந்துவிட்டதாக லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வு கணக்கிட்டது. கைப்பேசிச் செயலி வந்ததால் கடை காலியானது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்த ஆய்வின் பக்கங்களில் திரும்பத் திரும்ப வருவது வாடகையும், கட்டுமானத் திட்டங்களும், நில உரிமையாளர்களும்தான். கூட்டம் நிரம்பி வழிந்த கடைகளும் மூடப்பட்டன.

டவர் ஹாம்லெட்ஸில் மட்டும் ஒரு புதுமை நடந்தது. அங்கே ‘ஜாய்னர்ஸ் ஆர்ம்ஸ்’ என்ற கடை 2015இல் மூடப்பட்டு, இடித்துக்கட்டத் திட்டம் வந்தது. போராட்டத்துக்குப் பிறகு 2017இல் நகரசபை, புதிய கட்டடத்தில் பால்புதுமையருக்கான மதுக்கூடம் இருந்தே ஆக வேண்டும் என்று திட்ட அனுமதியிலேயே நிபந்தனை போட்டது. சுவரைக் காப்பதிலிருந்து பயன்பாட்டைக் காப்பதற்கு ஓர் அடி முன்னால் வந்திருக்கிறார்கள். மகாடில் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடலாம் என்று நகரசபை 1924இலேயே தீர்மானம் போட்டுவிட்டது. 1927இல் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் நடந்துபோய்த் தண்ணீரை அள்ளிக் குடிக்கும்வரை அது தாளில் மட்டும் பொதுக்குளம். இந்த வித்தியாசம் நமக்குத் தெரியும் என்பதால்தான் லண்டன் நகரசபையின் ஒரு நிபந்தனையை இங்கே இவ்வளவு நேரம் பேசுகிறேன்.

இனி வாசலுக்கு வருவோம். முதலில் கேட்ட கேள்வி: யாருக்குப் பொது?

விக்டோரியா காலத்து பப்புகளுக்குள்ளேயே தடுப்புச் சுவர்கள் இருந்தன. ஒரு பக்கம் ‘பப்ளிக் பார்’, உழைப்பாளிகளுக்கு, மரப்பலகை இருக்கை, விலை குறைவு. மறுபக்கம் ‘சலூன் பார்’, மெத்தை இருக்கை, அதே பீருக்குக் கூடுதல் விலை. இரட்டைக்குவளை போலத் தோன்றும். கூடுதல் காசு இருந்தால் தடுப்பைத் தாண்டலாம் என்பது பெரிய வேறுபாடு. எந்தக் காசும் தாண்ட முடியாத தடுப்பு பிறகு வந்தது, அது நிறம். ஸ்மெத்விக் நகரில் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் நல்ல அறையில் உட்காரவிடாத கடைகளுக்கு எதிராக இந்தியத் தொழிலாளர் சங்கம் போராடியது. 1965 பிப்ரவரி 12 அன்று மால்கம் எக்ஸ் அங்கே போனார். சங்கத்தின் அவதார் சிங் ஜௌல் அவரை ஒரு கடைக்கு அழைத்துச்சென்றார். இந்த அறையில் தரமாட்டோம், பப்ளிக் பாருக்குப் போங்கள் என்றார்கள். ஒன்பது நாள் கழித்து நியூயார்க்கில் மால்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த ஆண்டின் இனவுறவுச் சட்டம்தான் முதன்முதலாகப் பொது இடங்களில் நிறப்பாகுபாட்டைத் தடைசெய்தது.

பால்புதுமையர் கடைகள் இதிலிருந்து தப்பித்துவிட்டனவா? இல்லை. ‘ஸ்டோன்வால்’ என்ற பிரிட்டிஷ் உரிமை அமைப்பே 2018இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையரல்லாத பால்புதுமையரில் 51 விழுக்காட்டினர் தங்கள் இனத்தின் காரணமாகப் பால்புதுமையர் சமூகத்துக்குள்ளேயே பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். கறுப்பினத்தவரில் 61 விழுக்காடு. ஒடுக்கப்பட்டவர் ஒருவர், இன்னொரு ஒடுக்கப்பட்டவருக்குக் கதவை மூட முடியும். இது நமக்குப் புதிய செய்தி இல்லை. படிநிலை என்ற சொல்லை நாம் சும்மா பயன்படுத்துவதில்லை.

ஆகவே தனிக் கதவுகள் தேவைப்பட்டன. ஜமைக்காவிலிருந்து வந்த பேர்ல் ஆல்காக் என்ற பெண், எழுபதுகளில் பிரிக்ஸ்டனின் ரெயில்டன் சாலையில் துணிக்கடை வைத்திருந்தார். கடைக்குக் கீழே நிலவறை. அங்கே உரிமம் இல்லாத ஒரு குடிக்கூடம் நடத்தினார். வெள்ளையர் கடைகளில் முறைக்கப்பட்டு, சொந்த வீட்டிலும் வாய்திறக்க முடியாத கறுப்பின ஆண்கள் அங்கே வந்து ஆடினார்கள். பிற்காலத்தில் பேர்ல் ஓவியரானார், 2006இல் இறந்தார். தெற்காசியர்களுக்கு 1995இல் டி.ஜே. ரிதுவும் தோழியும் ‘கிளப் காளி’யைத் தொடங்கினார்கள். டஃப்னெல் பார்க்கில் உள்ள ‘தி டோம்’ அரங்கில் பாங்க்ராவும் பாலிவுட் பாட்டும் ஒலிக்க, ஆணும் ஆணும் பெண்ணும் பெண்ணும் ஆடினார்கள். டேவர்ன் தன் சனிக்கிழமைகளைத் தொடங்கிய அதே ஆண்டு.

டேவர்னுக்கு உரிமம் இருந்தது, வரைபடம் இருந்தது, முகப்பு இருந்தது, விண்ணப்பம் எழுத ஓர் எழுத்தாளரும் இருந்தார். நிலவறைக்கு எதுவும் இல்லை. உரிமம் இல்லாத இடத்துக்கு ஆவணமும் இருக்காது. ஆவணம் இல்லாததைப் பட்டியல் போடும் துறை எந்த நாட்டிலும் இல்லை. பேர்லின் கூடத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே ஆடியவர்கள் பிறகு வாய்மொழியாகச் சொல்லி, சிலர் பதிவுசெய்ததுதான். ஆய்வாளராக எனக்கு இதில்தான் வேலை இருக்கிறது.

2023 மார்ச்சில் பால் ஓ'கிரேடி காலமானார். அதே ஆண்டு ஜூனில் லண்டன் மாநகரக் காவல்துறை ஆணையர் மார்க் ரௌலி, கடந்த காலத்தில் பால்புதுமையர் சமூகத்துக்குத் தங்கள் துறை இழைத்தவற்றுக்கு மன்னிப்புக் கேட்டார். மூன்று மாதம் முந்தியிருந்தால் லில்லி சாவேஜ் அதற்கு என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். பாத்திரங்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன என்று சொல்லியிருக்கக்கூடும்.

தோழர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்விகளுக்குப் போகலாம்.